501 ரூபாய்க்கு ஒரே ஒருவர்

தங்கையின் திருமணம் முடிந்த அடுத்த வாரம் மொய் நோட்டுகள் என் கைக்கு வந்தன. ஆண்டிபட்டிப் பக்கம் எங்கள் ஊரில் மொய் நோட்டை நிலப் பத்திரத்துக்குப் பக்கத்தில்தான் பீரோவில் வைப்பார்கள். நமக்கு யார் எவ்வளவு செய்தார்களோ, அதை அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டும், முடிந்தால் கொஞ்சம் கூட்டி. ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு உறவு விட்டுப்போகும். மூன்று நோட்டு, 386 பெயர்கள். "இதை கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடுத்துடுப்பா. பெரிய தொகை மேல வர்ற மாதிரி" என்றார் அப்பா.

வேலைக்குப் பயன்படுத்தும் ஜாவா என்ற நிரல்மொழியிலேயே எழுதினேன். மொய் என்று ஒரு கிளாஸ், அதாவது ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வார்ப்பு; அதில் ஊர், பெயர், தொகை. தொகைவாரியாக வரிசையில் வேண்டும் என்றதும் கை தானாக ஜாவாவின் ட்ரீசெட் என்ற தொகுப்புக்குப் போனது. உள்ளே போடப் போட அதுவே வரிசைப்படுத்திக்கொள்ளும். எதை வைத்து வரிசைப்படுத்துவது என்று சொல்ல ஒரு கம்பேரேட்டர் கொடுத்தேன்: தொகையைப் பார், பெரியது முன்னால். ஓடியது. அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன்.

அம்மா விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "டேய் தம்பி, பெரிய மாமா பேரைக் காணோமே?"

பெரிய மாமா மட்டுமல்ல. 386 பேரில் 23 பேர்தான் தாளில் இருந்தார்கள். எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. நிரல் தன் வேலையைச் சரியாக முடித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அந்த 23 வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது. எந்தத் தொகையும் இரண்டு முறை வரவில்லை. 501 ரூபாய்க்கு எதிரே ஒரே ஒரு பெயர். 1001க்கு ஒருவர். 2001க்கு ஒருவர். ஒரே தொகை எழுதியவர்களில் நோட்டில் முதலில் இருந்தவர் மட்டும் உள்ளே. அவருக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தது.

வரிசைப்படுத்தப்பட்ட தொகுப்புகளைப் பற்றி நான் கற்றுக்கொண்டவற்றில் முக்கியமானது அந்தத் தாளில் இருந்தது. யார் முன்னால், யார் பின்னால் என்று மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு நாம் கம்பேரேட்டர் எழுதுகிறோம். ஆனால் எந்த இருவர் ஒரே ஆள் என்பதையும் அதே நாலு வரிதான் முடிவு செய்கிறது.

ட்ரீசெட் உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். ட்ரீசெட்டுக்குள் இருப்பது ட்ரீமேப் என்ற இன்னொரு தொகுப்பு. அதற்குள் இருப்பது, ஒரு பக்கமாகச் சாயாமல் தன்னைச் சமன்செய்துகொள்ளும் சிவப்பு-கருப்பு மரம். புதிதாக ஒருவர் வந்தால் மரத்தின் உச்சியில் இருப்பவரோடு அவரை ஒப்பிடும். கம்பேரேட்டர் ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும். பூஜ்யத்துக்குக் கீழே என்றால் இடப்பக்கம் இறங்கு. மேலே என்றால் வலப்பக்கம் இறங்கு. அங்கே இருப்பவரோடு மறுபடி ஒப்பிடு. காலி இடம் கிடைக்கும்வரை இப்படியே இறங்கி, கிடைத்த இடத்தில் உட்கார வைக்கும். பூஜ்யம் வந்தால்? "இவர் ஏற்கெனவே இருக்கிறார்" என்று அர்த்தம். செட்டில் ஒருவருக்கு இரண்டு இடம் கிடையாது. கதை அங்கே முடிந்தது.

இதில் ஈக்வல்ஸ் என்ற மெத்தடை மரம் ஒரு தடவைகூடக் கூப்பிடுவதில்லை. ஊர், பெயர், தொகை மூன்றையும் பார்த்துச் சமமா என்று சொல்லும் அழகான ஈக்வல்ஸ் ஒன்றை நான் எழுதி வைத்திருந்தேன். வரிசை பார்க்காத ஹாஷ்செட் என்ற தொகுப்பாக இருந்தால் அதைக் கேட்டிருக்கும். ட்ரீசெட் கேட்பது கம்பேரேட்டரை மட்டும். நான் அதனிடம் சொல்லியிருந்ததோ, 501 ரூபாய் கொடுத்த எல்லோரும் ஒருவரே என்று.

ஏன் இப்படி வைத்தார்கள் என்று கோபப்பட்டால் பயனில்லை, இதில் நியாயம் இருக்கிறது. மரத்தின் முழு லாபமும் எல்லோரையும் பார்க்காமல் இருப்பதில்தான். 386 பேர் உள்ள மரத்தில் ஒருவரைத் தேட ஏறக்குறைய 9 கேள்விகள் போதும், எவ்வளவு மோசமானாலும் 17ஐத் தாண்டாது. 10 லட்சம் பேர் இருந்தாலும் 40ஐத் தாண்டாது. சமநிலை பார்க்காத சாதாரண மரத்தில் ஏற்கெனவே வரிசையாக இருக்கும் பட்டியலைப் போட்டால் மரம் ஒரே பக்கமாக வளர்ந்து கயிறு போலாகிவிடும். அதைத் தடுக்கும் முதல் வழியை 1962இல் சோவியத் நாட்டின் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் காட்டினார்கள். 1972இல் ருடால்ஃப் பேயர் கொடுத்த அமைப்பை, 1978இல் கிபாஸும் செட்ஜ்விக்கும் சிவப்பு, கருப்பு நிறங்களாகச் சொன்னார்கள். ஆனால் இந்த வேகம் எல்லாம் ஒரே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது. "எந்தப் பக்கம்?" என்ற கேள்விக்கு வரும் பதில் முழு உண்மை என்ற நம்பிக்கை அது. வழியில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் இரண்டாவதாக வேறொரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் கட்டமைப்பே குழம்பிவிடும்.

ஜாவாவின் ஆவணங்கள் இதை மறைக்கவில்லை. கம்பேரேட்டர் பூஜ்யம் சொல்லும் இடத்தில் ஈக்வல்ஸும் ஆம் என்று சொல்வது நல்லது என்று அழுத்தமாகப் பரிந்துரைக்கிறார்கள், கட்டாயமாக்கவில்லை. ஜாவாவுக்குள்ளேயே இதை மீறும் கிளாஸ் ஒன்று உண்டு. தசம எண்களுக்கான பிக்டெசிமலில் 2.0, 2.00 என்று இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஈக்வல்ஸ் இரண்டும் வேறு என்கிறது, ஏனென்றால் தசம இடங்களின் எண்ணிக்கை வேறு. வரிசைக்காக ஒப்பிடும் கம்பேர்டூ இரண்டும் ஒன்று என்கிறது. ஹாஷ்செட்டில் போட்டால் இரண்டு உறுப்பு, ட்ரீசெட்டில் போட்டால் ஒன்று. பணம் சம்பந்தப்பட்ட நிரல் எழுதுபவர்கள் இதை ஒரு முறையாவது தங்கள் கையால் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எல்லா மொழியிலும் இப்படித்தான் என்றும் இல்லை. பொருள்நோக்கு நிரலாக்கத்துக்கு வழி காட்டிய ஸ்மால்டாக்கில் சார்ட்டட்கலெக்ஷன் என்றே ஒரு கிளாஸ் உண்டு. அதற்கு ஒரு சிறு பிளாக் கொடுப்போம்: இரண்டு உறுப்புகளைக் காட்டினால், முதலாவது முன்னால் வரலாமா என்று ஆம் அல்லது இல்லை சொல்லும் பிளாக். அது செட் இல்லை, வரிசையில் நிற்கும் கூட்டம். 501 கொடுத்த அத்தனை பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். எனக்கு அன்று வேண்டியிருந்தது அதுதான். ஜாவாவிலேயே சாதாரண லிஸ்டில் எல்லோரையும் போட்டுக் கடைசியில் ஒரு முறை சார்ட் செய்திருந்தாலும், அதாவது வரிசைப்படுத்தியிருந்தாலும், போதும். அந்த சார்ட் நிலையானது, சமமானவர்களை நோட்டில் இருந்த வரிசையிலேயே விட்டுவைக்கும்.

சரி, ட்ரீசெட்டே வேண்டும் என்றால்? சமமானால் அடுத்த கேள்வி கேட்க வேண்டும். தொகை ஒன்றா, ஊரைப் பார். ஊரும் ஒன்றா, பெயரைப் பார். 2014இல் வந்த ஜாவா 8இல் கம்பேரிங், தென்கம்பேரிங் என்று சங்கிலியாக இதை எழுதலாம். படிக்கும்போதே கேள்விகளின் வரிசை தெரியும். எழுதினேன். 23 வரிகள் 386 ஆயின. ஆனால் பின்னால் பெயரை ஒப்பிடும் முறையை மாற்றியபோது அதில் ஒருவர் மறுபடி விடுபட்டுப்போனார். அந்த ஒருவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இதற்கு நடுவே அப்பா ஒரு விருப்பம் சொன்னார். "ஐநூறும் ஐநூத்தியொண்ணும் ஒண்ணுதாம்பா. அந்த ஒரு ரூவா மங்களத்துக்கு வைக்கிறது. சேர்த்தே போடு." நியாயமான பேச்சு. பூஜ்யத்தைப் பற்றிய பாடம் இன்னும் முழுதாக மனதில் இறங்கியிருக்கவில்லை, அதனால் தொகைக்கான முதல் கேள்வியை மாற்றினேன்: வித்தியாசம் 100 ரூபாய்க்குள் இருந்தால் பூஜ்யம் கொடு.

இது முதல் தவற்றைவிட ஆபத்தானது. 500, 600, 700 என்று மூன்று தொகைகள் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 500ம் 600ம் சமம். 600ம் 700ம் சமம். ஆனால் 500ம் 700ம் சமமில்லை. மரத்துக்குள் 600 முதலில் போனால் மற்ற இரண்டும் அதற்குச் சமமாகி வெளியே போய்விடும், மிஞ்சுவது ஒன்று. 500 முதலில் போனால் 600 மட்டும் வெளியே போகும், 700 உள்ளே வரும், மிஞ்சுவது இரண்டு. யார் முதலில் வந்தார்கள் என்பதைப் பொறுத்துத் தொகுப்பின் அளவே மாறுகிறது. லிஸ்டை சார்ட் செய்தாலும் தப்பிக்க முடியாது. 2011இல் வந்த ஜாவா 7 முதல், ஒப்பிடும் முறை பொது ஒப்பந்தத்தை மீறுகிறது என்ற பிழைச் செய்தியோடு சார்ட் நின்றுபோவதுண்டு. டிம் பீட்டர்ஸ் 2002இல் பைத்தான் மொழிக்காக எழுதிய டிம்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையை ஜாவா எடுத்துக்கொண்டதால் வந்த மாற்றம் அது. எப்போதும் நிற்காது, சில உள்ளீடுகளுக்கு மட்டும் நிற்கும். அதனால் சோதனையில் தப்பித்து, வாடிக்கையாளரிடம் போன பிறகு வெளிப்படும். என் அனுபவத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் போகும்.

அப்பா கேட்டதைச் செய்ய வழி இருந்தது. ஒவ்வொரு தொகைக்கும் அசையாத ஒரு வீடு கொடுத்துவிட வேண்டும். தொகையை நூறால் வகுத்து வரும் முழு எண்ணை எடுத்தால் 500க்கும் 501க்கும் வீடு 5. 600க்கு 6. அருகில் இருக்கிறவரைப் பார்த்து மாறும் சமம் இல்லை அது, தனக்குத் தானே உள்ள எண். அதை முதல் கேள்வியாக வைத்து, அதற்குள் தொகை, ஊர், பெயர் என்று இறங்கினேன்.

இன்னொன்று. திருமணத்துக்கு 501 எழுதிய சித்தி, பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்து இன்னொரு 500 கொடுத்துவிட்டுப் போனார். மரத்துக்குள் இருந்த அவருடைய பதிவில், இருந்த இடத்திலேயே தொகையை 1001 என்று மாற்றினேன். பிறகு அவரைத் தேடினால் இல்லை என்றது. எல்லோரையும் வரிசையாக அச்சிட்டால் இருக்கிறார், பெயர் சொல்லித் தேடினால் இல்லை. மரம் அவரை 501 இருந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டு மறந்துவிட்டது. தேடும்போது 1001 இருக்க வேண்டிய பாதையில் இறங்குகிறது. உள்ளே இருப்பவரின் தொகை மாறியது மரத்துக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. எடு, மாற்று, திரும்பப் போடு. வேறு வழி கிடையாது. ஒப்பிடப் பயன்படும் புலங்களை மாற்றவே முடியாதபடி எழுதுவது இன்னும் நல்லது. அப்புறம் அப்படித்தான் எழுதினேன்.

பெயர்வாரிப் பட்டியல் ஒன்றும் போட்டேன். பத்திரிகை வந்ததும் பெயரைப் பார்த்துத் தொகையைத் தேட அதுதான் வசதி. அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "கமலாவுக்கு முன்னாடி கனகா எப்படிப்பா வரும்? னகரம்தானே கடைசி எழுத்து?"

ஜாவாவில் ஸ்ட்ரிங்குக்கு, அதாவது எழுத்துத் தொடருக்கு, இயல்பான வரிசை என்று ஒன்று உண்டு. ஆப்ஜெக்ட் தானே தன்னைப் பற்றிச் சொல்லும் வரிசை, அதாவது கம்பேரபிள் இன்டர்ஃபேஸ் தருவது. ஸ்ட்ரிங்கைப் பொறுத்தவரை அது எழுத்தின் எண்களை ஒப்பிடுவதுதான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு தரத்தில் ந 2984, ன 2985, ப 2986, ம 2990. ஆகவே ன, மவுக்கு முன்னால் வந்துவிடுகிறது. அதேபோல ர 2992, ற 2993, ல 2994, ள 2995, ழ 2996, வ 2997. நாம் படித்தது ய ர ல வ ழ ள, பிறகு ற ன.

இந்த எண்கள் இப்படி அமைந்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இந்திய எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தை யூனிகோடு பின்பற்றியது. தேவநாகரியில் எந்த ஒலிக்கு எந்த இடமோ, மற்ற எழுத்துகளிலும் அதே இடம். அதனால்தான் தமிழில் க 2965, ங 2969. நடுவில் நம்மிடம் இல்லாத மூன்று ஒலிகளுக்கான காலி இடங்கள். வடமொழியில் இல்லாத ன, ற, ழ மூன்றும் அவற்றுக்கு நெருக்கமான ந, ர, ள பக்கத்தில் ஒதுங்கின. இடம் கொடுத்ததில் எனக்குக் குறையில்லை. அது சேமித்து வைப்பதற்கான எண், வரிசைக்கான எண் இல்லை. அதை இயல்பான வரிசை என்று அழைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தமிழுக்கு இயல்பான வரிசை எது என்பதைத் தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே சொல்கிறது: அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் முப்பது எழுத்துகள்.

புள்ளி இன்னொரு சிக்கல். அதன் எண் 3021, எல்லா உயிர்க்குறிகளுக்கும் பிறகு. எண்படி பார்த்தால் கணபதி, கணேசன், கண்ணன் என்று வரும். தமிழ் அகராதியில் மெய் முதலில், பிறகுதான் உயிர்மெய்: கண்ணன், கணபதி, கணேசன். ஆய்தமோ 2947, அகரத்துக்கும் முன்னால் போய் நிற்கிறது.

ஐசியூ என்ற மென்பொருள் நூலகத்தில் தமிழ் வரிசைக்கான விதிகள் ஏற்கெனவே உண்டு. அலுவலக வேலைக்கு அதைத்தான் பயன்படுத்துவேன். ஆனால் அன்றிரவு எனக்கு நானே எழுதிப் பார்க்க ஆசை வந்தது. ஸ்ட்ரிங்கை எழுத்துகளாகப் பிரித்தேன். உயிர் 12க்கும் 1 முதல் 12. ஆய்தம் 13. பிறகு ஒவ்வொரு மெய்யும் அதன் 12 உயிர்மெய்களும் சேர்ந்து 13 பேர் கொண்ட ஒரு குடும்பம். க் 14, க 15, கா 16 என்று போகும். 18 குடும்பங்கள். கடைசி எழுத்தான னௌவுக்கு வந்த எண் 247. பள்ளியில் மனப்பாடம் செய்த அதே 247, ஒரு எண்கூடக் காலி இல்லாமல் வந்து நிறைந்தது. எத்தனையோ கம்பேரேட்டர் எழுதியிருக்கிறேன், இவ்வளவு சந்தோஷம் தந்தது வேறொன்று இல்லை. கண்ணனுக்கு 15, 79. கணபதிக்கு 15, 80. கணேசனுக்கு 15, 87. கமலாவுக்கு 15, 132. கனகாவுக்கு 15, 236. ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகளை 247க்குப் பிறகு வைத்தேன். அப்பா மறுநாள் காலையில் பட்டியலை மூன்று பக்கம் படித்துவிட்டு, "இப்ப சரி" என்றார்.

இனி அந்த ஒருவர்.

மூன்றாவது நோட்டை நான் அடிக்கவில்லை. ஒரு டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் அடித்து வாங்கி யூனிகோடுக்கு மாற்றியிருந்தேன். கோபால் என்ற பெயரில் வரும் 'கோ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக்குறி ஒன்றே ஒன்று, அல்லது இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஈக்வல்ஸ் இரண்டும் வேறு என்னும். எழுத்தின் எண்களை ஒப்பிட்டாலும் வேறுதான். தொகைவாரிப் பட்டியலிலும் பெயரை ஒப்பிட என் 247 கம்பேரேட்டரையே வைத்தேன். அது இரண்டையும் ஒரே எழுத்தாகப் படித்தது, அதைத்தான் நான் விரும்பினேன். ஆனால் பட்டியலில் ஒரே ஊரைச் சேர்ந்த இரண்டு கோபால்கள் இருந்தார்கள். ஒருவர் இரண்டாவது நோட்டில், ஒருவர் மூன்றாவதில். இருவரும் 501. தொகையும் ஊரும் பெயரும் பூஜ்யம் சொல்லின. மூன்றாவது நோட்டுக்காரர் வெளியே நின்றார், 386 வரிகள் 385 ஆயின.

எழுதும்போது ஒருவரையே இரண்டு முறை எழுதிவிட்டார்களோ என்று அப்பாவிடம் கேட்டேன். நோட்டைப் பார்க்கக்கூட இல்லை. "ரெண்டும் ரெண்டு பேருப்பா. ஒருத்தர் மேலத்தெரு. இன்னொருத்தர் பம்புசெட்டு வீடு. பந்தியில பக்கத்துல பக்கத்துலதான் உட்கார்ந்தாங்க."

அந்த விவரம் என் கிளாஸில் இல்லை, நோட்டிலும் இல்லை. கம்பேரேட்டரின் கடைசிக் கேள்வியாக நோட்டு எண், பக்கம், வரி மூன்றையும் சேர்த்தேன். ஒரே நோட்டில், ஒரே பக்கத்தில், ஒரே வரியில் இருவர் இருக்க முடியாது. ஓட்டினேன். 386. கூட்டுத்தொகையும் நோட்டோடு ஒத்துப்போனது. அம்மா பெரிய மாமாவின் பெயரைத் தேடி எடுத்து அதன் கீழ் நகத்தால் கோடு போட்டார். அப்பா பேனாவை எடுத்து, ஒரு கோபாலுக்குப் பக்கத்தில் மேலத்தெரு என்றும் இன்னொரு கோபாலுக்குப் பக்கத்தில் பம்புசெட்டு என்றும் எழுதிவிட்டுத் தாளை நோட்டுக்குள் வைத்தார்.